பிடிபட்டவனைத் தூக்கில் போட்டால் அடுத்த கோட்டை சரணடையுமா?

கேள்வி: ஒட்டப்பிடாரம் தம்பி, அக்டோபர் 16, 2023

இன்று கயத்தாறில் மாலை போட்டுவிட்டு வரும் வழியில் வேனுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. நான் சொன்னது இதுதான். கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது அநியாயம், அதில் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் ராணுவக் கணக்கில் கம்பெனித் தளபதி பானர்மேன் செய்தது சரி. ஜெயித்த தளபதி பிடிபட்ட தலைவனை உயிரோடு விட்டால் அவன் திரும்பி வருவான். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை உயிரோடு வைத்தார்கள், வந்தாரா இல்லையா? அவரையும் 1799-லேயே முடித்திருந்தால் இரண்டாம் சண்டையே கிடையாது. பட்டாளத்தில் இருந்த அண்ணாச்சிமார் யாராவது பதில் சொல்லுங்கள்.

அக்டோபர் 16, இரவு

நான் இருந்திருக்கிறேன். கணக்கு தப்பு. மாத்திரை போட்டாயிற்று, கண் சொக்குகிறது. காலையில் எழுதுகிறேன்.

அக்டோபர் 17, காலை

தம்பி, நீ பிடிபட்டவனை மட்டும் பார்க்கிறாய். இன்னும் பிடிபடாதவன் என்ன நினைப்பான் என்று பார்.

1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய பானர்மேனால் முதல் மோதலில் உள்ளே நுழைய முடியவில்லை. அப்புறம் கட்டபொம்மன் ராத்திரியோடு ராத்திரியாகக் கோட்டையை விட்டுப் புறப்பட்டார். கோலார்பட்டியில் சண்டை. அங்கே கட்டபொம்மனின் தானாபதி (அமைச்சர்) சுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கொண்டார். அவரை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, தலையை மட்டும் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோய்ப் பார்வைக்கு வைத்தார்கள். கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார். அக்டோபர் 16 அன்று கயத்தாறில் சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை எல்லாம் வரச்சொல்லி, அவர்கள் முன்னால் விசாரணை என்று ஒன்றை நடத்தி, புளியமரத்தில் முடித்தார்கள். தூக்கு ஒருவருக்கு, பாடம் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும். உடனே உத்தரவு: கோட்டைகளை இடியுங்கள், ஆயுதத்தை ஒப்படையுங்கள்.

இதில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. தூக்குமரத்துக்குப் போகும்போது கட்டபொம்மன் ஒரே ஒரு விஷயத்துக்காக வருத்தப்பட்டதாக பானர்மேனே மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அங்கேயே சண்டை போட்டுச் செத்திருக்கலாம் என்பதுதான் அது. சுற்றிப் பாளையக்காரர்கள் நிற்கும்போது சொன்ன வார்த்தை தம்பிக்காரன் காதுக்குப் போகாமலா இருக்கும்?

1801-ல் ஊமைத்துரை அதையே செய்தார். பிப்ரவரி 2 பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரம் போல ஆனதும் கம்பெனி அதிகாரி மெக்காலே படையோடு போய்ப் பார்த்தால் இடித்துப் போட்ட கோட்டை எழும்பி நிற்கிறது. அசந்துபோய்ப் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டார். மார்ச் 31 தாக்குதல் தோற்றது. அக்னியூ கூடுதல் படையோடு வந்து மே 24-ல்தான் பிடிக்க முடிந்தது. ஒரு மண்கோட்டைக்கு நாலு மாதம்! சரணடைந்தால் என்ன கிடைக்கும் என்பதைக் கயத்தாறு புளியமரத்தில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அப்புறம் எவன் கதவைத் திறப்பான்?

அக்டோபர் 17, மாலை

'தென்காசி வாத்தியார்' என்ற பெயரில் ஒருவர், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான், ஊமைத்துரை மட்டும் கைதியை மடியில் வைத்துக் கொஞ்சினாரா என்று கேட்டிருக்கிறார்.

கொஞ்சவில்லை. ஆனால் விட்டிருக்கிறார். தூத்துக்குடியைப் பிடித்தபோது அங்கிருந்த ஆங்கிலேய துறைமுக அதிகாரியைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே அவருடைய மனைவி போய்க் கேட்டார், விட்டுவிட்டார்கள். இதை எழுதி வைத்தது நம் ஆள் இல்லை. எதிர்ப்பக்கம் நின்று சண்டை போட்ட வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி.

ஏன் விட்டார் என்று எனக்கு ஒரு யோசனை. இரக்கம் இருந்திருக்கும், சரி. கூடவே, இவர்கள் கொல்ல மாட்டார்கள் என்ற பேச்சு நாலு ஊருக்குப் போனால் அடுத்த காவல் கொட்டடியில் இருக்கும் சிப்பாய் கொஞ்சம் சீக்கிரமாகத் துப்பாக்கியைக் கீழே வைப்பான். கைதியை நன்றாக வைத்துக்கொள்வதும் ஒரு ஆயுதம்தான். தோட்டா செலவு கிடையாது.

அக்டோபர் 18

சொந்த அனுபவம் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி.

1971 பாகிஸ்தான் சண்டை முடிந்து கிழக்கில், இப்போதைய வங்கதேசத்தில், சரணடைந்தவர்களை ரயில் ரயிலாக வட இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆக்ரா முகாமில் காவல் வேலை எனக்கு. அப்போது மீசை சரியாக முளைக்காத வயது. எதிரியை முதன்முதலில் நான் பார்த்தது துப்பாக்கி முனையில் இல்லை, அலுமினியத் தட்டோடு ரொட்டிக்கு வரிசையில் நின்றபோது. என் இந்தி நாங்குநேரி இந்தி. அவர்கள் பேசிய உருது எங்கள் ஹவில்தார் பேசியதைவிட எனக்குச் சுலபமாகப் புரிந்தது.

பாரக்கை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் வெளியே கூடாரத்தில் கிடந்தோம். ஜனவரிக் குளிரில் கூடாரம் என்றால் என்ன என்று திருநெல்வேலியில் பிறந்தவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஜெயித்தவன் வெளியே, தோற்றவன் உள்ளே, இது என்ன நியாயம் என்று எங்கள் லங்கரில் (பட்டாளச் சமையற்கூடம்) தினமும் முணுமுணுப்புதான்.

வேலை என்ன? எண்ணுவது. விடிந்தால் எண்ண வேண்டும், பொழுது சாய்ந்தால் எண்ண வேண்டும். ஐந்தைந்தாக நிறுத்தி, முன்வரிசையைத் தொட்டு ஒருவன் எண்ணிக்கொண்டு போவான், பின்பக்கம் இன்னொருவன். இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒரு நாள் ஒரு தலை குறைந்தது. மறுபடி எண்ணினோம், குறைந்தது. சென்ட்ரிக்குத் தகவல் போய், அதிகாரி பாதி ஷேவிங்கில் ஓடி வந்தார், ஒரு கன்னத்தில் நுரை. கடைசியில் பாரக்கின் மூலையில் இரண்டு கம்பளிக்குக் கீழே ஒருத்தன் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். பக்கத்துக் கட்டில்காரன் அவனை மூடிவிட்டு வரிசைக்கு வந்திருக்கிறான், சொல்ல பயம். நானும் ஒரு சிக்கிமீஸ் பையனும் கம்பளியோடு தூக்கிக்கொண்டு மருந்தறைக்கு ஓடினோம். அந்தச் சூடு இன்னும் கையில் இருக்கிறது.

கைதி என்றால் படத்தில் வருவதுபோல் வீரவசனம் பேசிக்கொண்டு நிற்பவன் என்று நினைக்காதீர்கள். காய்ச்சல், பல்வலி, கடிதம் வரவில்லை, இதுதான் முகாம்.

அக்டோபர் 19

மேலே எழுதிய காய்ச்சல்காரனை நினைத்துக்கொண்டே இருந்தேன். நம் பாளையங்கோட்டைக் கதையும் நோயில்தான் ஆரம்பிக்கிறது.

ஊமைத்துரையும் மற்றவர்களும் கோட்டைச் சிறையில் விலங்கோடு இருந்தார்கள். அம்மை போட்டது. அதற்காக விலங்கைக் கழற்றினார்கள். உள்ளே வந்துபோகும் விறகுக்காரர்களோடு வெளி ஆட்களும் கலந்து வந்தார்கள். பிப்ரவரி 2 சாயங்காலம் வெள்ளைக்காரத் துரைமாரும் துரைசானிமாரும் இருபது பேர் போல மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கைதிகள் காவலாளிகளை மடக்கிவிட்டு வெளியே நடந்துவிட்டார்கள். பெரும்படை சங்கரன்கோவில் பக்கம் இருந்தது.

தம்பி, நீ கேட்டது 'கொன்றிருந்தால்?' என்று. நான் கேட்பது 'ஒழுங்காக வைத்திருந்தால்?' என்று. விசாரணையும் இல்லை, எப்போது விடுவோம் என்ற பேச்சும் இல்லை, அண்ணனைத் தூக்கில் போட்டாயிற்று. அம்மை வந்தால் மட்டும் விலங்கைக் கழற்றினார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விலங்கைக் கழற்றினால் காவலை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது சின்னப் பதவியில் இருந்த எங்கள் நாயக்குக்கே தெரியும். துரைமாருக்குச் சாப்பாட்டு நேரம்.

மேடை போலீஸ் ஸ்டேஷன் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்தப் பழைய கோட்டைக் கல்லைப் பார்க்கிறேன். அதன் கீழே இப்போது எல்லோரும் செல்போனைத்தான் பார்க்கிறார்கள்.

அக்டோபர் 20

1971-ல் சரணடைந்தது '93 ஆயிரம் ராணுவத்தான்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 93 ஆயிரம் என்பது எல்லோரையும் சேர்த்த கணக்கு. சீருடைக்காரர்கள்தான் பெரும்பங்கு, கூடவே அதிகாரிகளின் குடும்பமும் பொதுமக்களும் இருந்தார்கள். எங்கள் முகாமில் குழந்தை அழுகை கிடையாது, ஆனால் குடும்பங்கள் இருந்த முகாமில் வேலை பார்த்தவர்களைத் தெரியும்.

இன்னொருவர், டாக்காவில் சரணடைந்ததும் துப்பாக்கியைப் பிடுங்கினார்களாமே என்கிறார். டிசம்பர் 16 அன்று கையெழுத்தானது. ஆனால் நம் படை போதுமான அளவு டாக்காவுக்குள் வந்து சேரும்வரை அவர்களைத் தற்காப்புக்கு ஆயுதத்தோடேயே இருக்கவிட்டார்கள். வெளியே ஊர் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்பது மாதம் அவர்கள் அங்கே செய்ததற்கு யாராவது கையில் கிடைத்தால் துண்டு துண்டாக்கிவிடுவார்கள். தோற்றவன் கையில் துப்பாக்கியை விட்டுவைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

இதற்கு முன்னாலேயே நம் ராணுவத் தளபதி மானெக்‌ஷா வானொலியிலும் துண்டுப் பிரசுரத்திலும் அவர்களுக்குச் சொல்லிவிட்டார்: ஆயுதத்தைக் கீழே வையுங்கள், ஜெனீவா ஒப்பந்தப்படி நடத்துவோம். பாகிஸ்தான் தளபதி நியாசியும் நம் தளபதி அரோராவும் கையெழுத்திட்ட தாளிலேயே அந்த உறுதி இருக்கிறது. கிழக்கில் சண்டை பதின்மூன்று நாளில் முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். முழுக் காரணம் என்று சொல்லவில்லை. சுற்றி வளைத்த பிறகுதான் நல்ல வார்த்தை எடுபடும்.

நாங்கள் கூடாரத்தில் நடுங்கியதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. ரொம்பப் பின்னால்தான் விளங்கியது. அப்போது விளங்கியிருந்தாலும் முணுமுணுத்திருப்பேன்.

அக்டோபர் 24

குலசை தசராவுக்குப் போகும் கூட்டத்தில் ரோட்டில் நகர முடியவில்லை. காளி வேஷம் போட்ட ஒருவர் பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கிறார், ஒருவரும் முந்தவில்லை. நமக்கு அந்த தைரியம் வராது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இங்கே இருபது பதில்.

வாத்தியார் சங்க காலத்தை இழுத்திருக்கிறார். நல்லது. சேரன் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் தோற்று, குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். தண்ணீர் கேட்டான். காவல்காரர்கள் உடனே கொடுக்கவில்லை. அப்புறம் கொண்டுவந்ததை அவன் குடிக்கவில்லை, பாடிவிட்டு உயிரை விட்டான் என்று புறநானூற்றில் இருக்கிறது. பொய்கையார் நாற்பது பாட்டுப் பாடி அவனை மீட்டார் என்று இன்னொரு மரபு. எது நடந்தது என்று வாத்தியார்கள் அடித்துக்கொள்ளட்டும்.

எனக்கு அதில் செங்கணான் முக்கியமில்லை, அந்தக் காவல்காரன்தான் முக்கியம். தளபதி மேலே என்ன உத்தரவு போட்டிருந்தாலும் கைதிக்குத் தெரிவது சாவியும் செம்பும் வைத்திருப்பவன் முகம்தான். ஆக்ராவில் ஜூன் மாதம். குழாயடியில் ஒரு கைதி ஏதோ எதிர்த்துப் பேசிவிட்டான் என்று எங்கள் நாயக் அவனை வரிசையின் கடைசிக்குத் தள்ளினார். அவன் முறை வரும்போது தண்ணீர் நின்றுவிட்டது. எங்கள் சுபேதார், கோட்டயம் பக்கத்து ஆள், பார்த்துக்கொண்டே இருந்தவர் தன் இடுப்பில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் கழற்றி அவனிடம் நீட்டினார். நாயக்கிடம் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி கூடாரத்தில் சொன்னது: 'இவன் இன்று தண்ணீர் குடிக்காமல் போயிருந்தால் நாளை காலை நூறு பேர் வரிசைக்கு வர மாட்டான். நீ எண்ணுவாயா?'

கருணை பற்றி ஒரு வார்த்தை இல்லை, பாருங்கள். எண்ணிக்கைதான் அவருக்குக் கவலை.

அக்டோபர் 25

சங்க காலம் என்றால் எல்லாம் அறம் என்று கிளம்பிவிடாதீர்கள். இமயவரம்பன் யவனர்களைப் பிடித்துக் கையைப் பின்னால் கட்டி, தலையில் நெய்யை ஊற்றி, விலையுயர்ந்த பொருளை வாங்கிக்கொண்டு விட்டான் என்று பெருமையாகப் பாடி வைத்திருக்கிறார்கள். கிள்ளிவளவன் மலையமானின் சின்னப் பிள்ளைகளை யானைக் காலில் போடப் போனான், கோவூர்கிழார் போய்த் தடுத்தார். ராஜாதிராஜன் ஆட்கள் இலங்கை அரசனின் தாயை மூக்கறுத்தது கல்வெட்டிலேயே பெருமையாக இருக்கிறது.

நம் பாண்டியர் பக்கம் ஒரு நல்ல பெயர் உண்டு. முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழ நாட்டைப் பிடித்து, தஞ்சையையும் உறையூரையும் எரித்து, அப்புறம் நாட்டைச் சோழனிடமே திருப்பிக் கொடுத்தான். 'சோணாடு வழங்கியருளிய' என்று பட்டமே போட்டுக்கொண்டான். எரித்துவிட்டுக் கொடுத்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அக்டோபர் 29

டிலனாய் ஞாபகம் இல்லையா என்று நாகர்கோவில்காரர் கோபித்துக்கொண்டார். எப்படி மறப்பேன், என் வீட்டம்மா வடக்கன்குளம்.

1741 குளச்சலில் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரர்களை அடித்தார். பிடிபட்டவர்களில் டிலனாயும் ஒருவர். ராஜா அவரைக் கொல்லவில்லை, தன் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். கைதி, திருவிதாங்கூர் படைக்கே வலிய கப்பித்தான், அதாவது தலைமைத் தளபதி, ஆனார். நெடுங்கோட்டை, வட்டக்கோட்டை வேலை எல்லாம் அவர் கை. 1777-ல் செத்தபோது உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே புதைத்தார்கள். கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கைதியின் பேச்சைக் கேட்டு, ராஜாவின் சொந்த அதிகாரி நீலகண்டப் பிள்ளை வடக்கன்குளத்துக்கு வந்து 1745-ல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். ராஜா அந்த அதிகாரியைத்தான் விலங்கு போட்டு ஊர் ஊராக இழுத்தடித்தார். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் புனிதர் பட்டம் வந்தபோது வடக்கன்குளத்தில் என் மைத்துனர் வீட்டில் மூன்று வேளையும் பிரியாணி. கைதிக்கு மட்டும் பதவி குறையவே இல்லை.

ஆனால் டிலனாயைக் காட்டிக் கட்டபொம்மனையும் அப்படிப் பயன்படுத்தியிருக்கலாமே என்று யாரும் வராதீர்கள். டிலனாய் சம்பளத்துக்கு வந்த ஆள், இங்கே அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. கட்டபொம்மனுக்கு இங்கே கோட்டையும் குடிகளும் இருந்தன. யாரைக் கட்டிப்போடலாம், யாரைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்பது அவனுக்குத் திரும்பிப் போக என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நவம்பர் 3

ஒட்டப்பிடாரம் தம்பி திரும்பி வந்துவிட்டான். நல்ல அடி. 'சரி அண்ணாச்சி, 1801-லும் தூக்கில்தானே போட்டார்கள்? மருது சகோதரர்களை அக்டோபர் 24, ஊமைத்துரையை நவம்பர் 16. அதற்கப்புறம் இங்கே பாளையக்காரர் சண்டை உண்டா? அப்போது தூக்கு வேலை செய்ததா இல்லையா?'

வேலை செய்தது. மறுக்க முடியாது. ஆனால் கூட என்னென்ன செய்தார்கள் என்று பார். டிசம்பர் 1801-ல் சென்னை கவர்னர் கிளைவ் ஒரு அறிக்கை விட்டார்: ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, மற்றவர்களுக்கு மன்னிப்பு. கோட்டைகள் தரைமட்டம். 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி பினாங்குக்கு அனுப்பினார்கள். துரைச்சாமி அப்போது சிறுவன். 1799-ல் தூக்கோடு கோட்டை இடிப்பும் ஆயுத ஒப்படைப்பும் மட்டும்தான், இரண்டு வருடத்தில் சண்டை திரும்பியது. 1801-ல் தூக்கோடு மன்னிப்பும் நாடுகடத்தலும் சேர்ந்து வந்தன. எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் தூக்கு மட்டும் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

அந்தத் துரைச்சாமியை 1818-ல் பினாங்கில் வெல்ஷ் பார்த்திருக்கிறார். சின்ன மருது அவருக்கு ஒரு காலத்தில் ஈட்டியும் வளரியும் எறியச் சொல்லிக் கொடுத்தவர். அந்த மனிதரின் மகன் வயதுக்கு மீறிக் கிழடுதட்டி எதிரே நிற்கிறான். நெஞ்சில் குத்தியதுபோல் இருந்தது என்று எழுதியிருக்கிறார். எழுதினார், அவ்வளவுதான். ஊருக்குக் கூட்டிவரவில்லை.

நவம்பர் 16

இன்று ஊமைத்துரை நாள். மே மாதம் கோட்டை விழுந்து, ஓடியவர்களைக் குதிரைப்படை வெட்டிச் சாய்த்த அன்று, பிணங்களுக்கு நடுவே காயத்தோடு கிடந்த அவரை ஒரு தாய் எடுத்துப்போய், தேடி வந்தவர்களிடம் அம்மையில் செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்துக் காப்பாற்றினாள் என்பதும் வெல்ஷ் எழுதியதே. சிறையில் விலங்கைக் கழற்றியதும் அம்மை, இங்கே உயிரைக் காத்ததும் அம்மை. அந்த வருடம் மாரியம்மன் எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம்.

டிசம்பர் 16

விஜய் திவஸ் என்று வாட்ஸப் முழுக்கக் கொடி. தம்பி தனியாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தான்: 'ஜெனீவா ஒப்பந்தம் 118-வது பிரிவு, சண்டை நின்றதும் தாமதமில்லாமல் விடு என்கிறது. நாம் ஏன் 1974 வரை வைத்திருந்தோம்?'

படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். நம் பக்கம் சொன்ன காரணம், சரணடைந்தது இந்தியாவிடம் மட்டும் இல்லை, வங்கதேசமும் சேர்ந்த கூட்டுப் படையிடம், அவர்கள் சம்மதம் வேண்டும் என்பது. சட்டப்படி அது காரணம். அரசியல்படி, 93 ஆயிரம் பேர் பேரம் பேச நல்ல கைப்பிடி. சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலை, டெல்லி ஒப்பந்தம் 1973 ஆகஸ்ட், கடைசியாக நியாசி வாகாவைத் தாண்டியது 1974 ஏப்ரல் 30. உள்ளே இருந்தவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் எப்படிப் போனது என்று நான் பார்த்தேன். நன்றாக நடத்தினோம் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் இந்த இரண்டேகால் வருடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தப்பப் பார்த்துச் சுடப்பட்டவர்களும் முகாம்களில் உண்டு.

ஒரு இடத்தில் மட்டும் என் வாதம் எனக்கே இடிக்கிறது. வங்கதேசம் போர்க்குற்றத்துக்கு விசாரிக்கக் கேட்ட 195 பேர். அவர்களையும் 1974-ல் விசாரணை இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். என்னைக் கேட்டால் விசாரித்திருக்க வேண்டும். எங்கள் முகாமில் ரொட்டி வாங்கிப் போனவர்களில் யாராவது அந்தப் பட்டியலில் இருந்தார்களா என்று தெரியாது, இருந்திருந்தாலும் இதையேதான் சொல்வேன். அப்போது பானர்மேனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் அண்ணாச்சி என்று நீ கேட்பாய். பிடித்தவனே நீதிபதியாக உட்காரக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிகிறது. போதாது என்றால் எழுது, ராத்திரி பார்க்கிறேன்.